நல்ல நேரத்தில் பூட்டிய ஹோஸ்

மிலானில் வாழும் மைத்துனன் நந்தசிறிக்கு,

புத்தர் முதலான மும்மணிகளின் துணை அந்த ஊர்க் குளிரிலும் உங்களை விட்டு நீங்காதிருக்கட்டும். இங்கே குருநாகலில் நாங்கள் நலம். உன் அக்கா சோமலதாவும் நலம். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். போன மாதம் தொலைபேசியில் என்னிடம் நீ விசாரித்தது உன் காரை மட்டும்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

விமானம் ஏறும் அன்று, "இது ஜெர்மன் காரு அத்தான், சாகாது" என்று சொல்லி என் வாசலில் நிறுத்திவிட்டுப் போனாய். சாகவில்லைதான். சாகாமல் கிடந்து எங்களைச் சாகடிக்கிறது. இஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற ஹோஸ்களை அந்தப் புண்ணியவான்கள் பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். இத்தனை வருடச் சூட்டில் வெந்து எல்லாம் அப்பளமாகிவிட்டன. ஒன்று ஒழுகுகிறது என்று எங்கள் தெரு மெக்கானிக் கித்சிறி பாஸ் கை வைத்தான். பக்கத்தில் இருந்தது முறிந்தது. அதைப் பிடித்தான், அதற்கடுத்தது கையோடு வந்தது. புது வண்டி இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து நாடே கிழட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு அழுகிறது. ஹோஸ் என்று கேட்டால் கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்க்கிறான்.

போகட்டும், கார் கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாமல் போனது இரேஷாவால். என் பேச்சை மீறி ஆட்டோ ஓட்டுகிற துமிந்தவைக் கட்டிக்கொண்டு தம்புள்ளைக்குப் போன மகள், போன புத்தாண்டுக்கு வெற்றிலையோடு கும்பிட வந்தாள். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதன் பிறகு அவளும் வரவில்லை. இந்த முறை நாங்கள் தம்புள்ளைக்குப் போகாவிட்டால் புத்தாண்டு நல்ல நேரத்துக்கு அடுப்பு மூட்ட மாட்டேன் என்றாள் உன் அக்கா. அந்த நேரத்துக்கு மூட்டாத அடுப்பு வருடம் முழுவதும் பீடையாக வீட்டைப் பிடிக்குமே, ஒத்துக்கொண்டேன். மகளைப் பார்க்க அல்ல. ஹோஸ் மாற்றிய காரை ஓட்டிப் பார்க்க வேண்டாமா, அதற்காக.

ஹோஸ்கள் ஒருவழியாக வந்து சேர்ந்ததே கடைசி நாளில். முறிந்தவற்றை மாற்றிவிட்டு, மிச்சத்தில் ஒன்றைப் பாஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போது, பழைய வருடம் போய்ப் புது வருடம் பிறக்கிற புண்ணிய காலம் தொடங்கிவிட்டது. ஸ்பேனரைப் போட்டது போட்டபடி வீட்டுக்குப் போய்விட்டான். அதைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் துரும்பைக்கூட நகர்த்தக் கூடாதுதான். மறுநாள், வேலை தொடங்கும் நல்ல நேரத்துக்கு, பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் சட்டை போட்டு வந்து, சொன்ன திசையைப் பார்த்து நின்று, இஞ்சினுக்குள் கையை விட்டான். சற்று நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல நேரத்துல வேலை ஆச்சு ஐயா" என்றான். உன் அக்கா பாற்சோறு கொடுத்தாள், சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஆச்சு என்றால் முடிந்தது என்று நினைத்தேன். அவன் சொன்னது ஆரம்பம் ஆச்சு என்று. பிள்ளைகள் நல்ல நேரத்துக்கு ஒரு பக்கம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவதில்லையா, அப்படி ஒரே ஒரு கிளிப்பை முறுக்கி வேலையைத் தொடங்கி வைத்திருக்கிறான். மிச்சம் விடுமுறை முடிந்த பிறகாம். கந்தோரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வருடா வருடம் நல்ல நேரத்துக்கு ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பயணம் புறப்படும் நல்ல நேரத்துக்குப் புறப்பட்டோம்.

வழியில் மெல்சிரிபுர தாண்டியதும் பழைய ஹோஸ் ஒன்று வெடித்தது. ஒரே ஆவி. ரோட்டில் ஈ காக்காய் இல்லை, ஊர் முழுவதும் வீட்டுக்குள் கொக்கிஸ் பலகாரம் தின்றுகொண்டிருந்தது. உன் அக்கா பணியாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரை விட்டு இறங்கவே இல்லை.

"இப்ப உங்களுக்கு சந்தோஷம்தானே? காரு மேல பழியப் போட்டுட்டுத் திரும்பிடலாம்" என்றாள்.

ஆவியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான், அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளே மகளுக்குப் போன் போட்டு என் காதில் வைத்து அழுத்தினாள். ஒரு வருடமாகப் பேசாத மகளிடம் என் வாயில் வந்த முதல் பேச்சு, "ஹோஸ் உடைஞ்சு போச்சு."

"மேல் ஹோஸா, கீழ் ஹோஸாப்பா?" என்று கேட்டாள். நடுவில் என்றேன். "அங்கேயே இருங்க. மூடியத் திறக்காதீங்க, சுட்டுடும்" என்றாள்.

இருவரும் ஆட்டோவில் வந்தார்கள். துமிந்த ரோட்டிலேயே மண்டியிட்டுக் கும்பிட்டான். இரேஷா வெற்றிலையைப் பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் நின்றாள். அப்போதுதான் வயிற்றைப் பார்த்தேன். உன் அக்காவுக்கு முன்பே தெரியுமாம். உனக்கும் தெரியுமாம். இத்தாலி வரைக்கும் போன செய்தி, நந்தசிறி, என் வீட்டுச் சமையலறையிலிருந்து முன்னறைக்கு வரவில்லை. அவள் குனிய வேண்டாமென்று நானே கை நீட்டி வெற்றிலையை வாங்கிக்கொண்டேன். தம்புள்ளைக்கு ஆட்டோவில்தான் போனோம்; காரைப் பிறகு கயிறு கட்டி வாசலுக்கு இழுத்து வந்தோம்.

ஆகவே, உன் காரை எடுத்துப் போக உடனே ஆள் அனுப்பு. யாருக்கு வேண்டுமானாலும் கொடு, கடலில் வேண்டுமானாலும் தள்ளு. என் வாசலில் இனி அது நிற்கக் கூடாது. உன் மனைவி மக்களுக்கு எங்கள் ஆசி. புத்தாண்டில் நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்,
டிங்கிரிபண்டா ஹேரத்

பி.கு.: ஆள் அனுப்ப வேண்டாம். இரேஷா பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். ஆட்டோவில் அவளைக் குலுக்கிக் கொண்டுவர நான் விட மாட்டேன். அங்கே கடை இருந்தால் ஹோஸ் முழுவதையும் வாங்கி அனுப்பு, ஒன்றுகூட விடாமல். என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாதது வேறு ஏதாவது உனக்குத் தெரிந்திருந்தால், அதையும் எழுதி அந்தப் பார்சலிலேயே வை.