உங்களுக்குத் தெரியாமல் நீங்கள் கொடுத்த சம்மதம், அல்லது உங்களுக்குத் தெரியாமல் நான் வாங்கிய சம்மதம்

பெருமதிப்பிற்கும் அதைவிடப் பெரிய பயத்திற்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், நான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் நீங்கள் ஹெட் நர்ஸாக இருக்கும் வார்டில் படுத்திருக்கும் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். அப்பா எந்த போனையும் ஸ்பீக்கரில் போடாமல் பேசியதில்லை. மைக்செட்காரருக்கு அது தொழில் பழக்கம். நான் உங்களிடம் ரகசியம் சொன்னால் முதலில் தெருவுக்குக் கேட்டுவிட்டுத்தான் உங்களுக்குக் கேட்கும். அதனால்தான் எல்லாரும் தூங்கிய பிறகு, அப்பாவின் சாமான் அறையில், பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் பாதி டார்ச், பாதி பயம்.

அத்தை, முதலில் ஒரு விஷயம். நீங்கள் சில மாதங்களாக என்னை என்ஜினியர் ஆகச் சொல்லி மிகவும் ஊக்கப்படுத்தி வருகிறீர்கள். இது உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். என்ஜினியரிங் கல்லூரியில் படிக்கும் அக்காக்கள் சிலர் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். பெண்கள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும், சனிக்கிழமைதோறும் நூலகத்து மாடியில் வகுப்பு நடத்துகிறோம், கட்டணம் கிடையாது, கையால் செய்து பார்க்கலாம் என்றார்கள். அதில் ஒரு அக்கா எப்போதும் காதில் பென்சில் வைப்பதுபோல் திருப்புளியை வைத்திருப்பார். அவரை நாங்கள் திருப்புளி அக்கா என்றுதான் சொல்வோம். "வீட்ல கெட்டுப்போன சாமான் எதையாவது கழட்டிப் பாத்தவங்க யாரு?" என்று கேட்டார். நான் மட்டும் கையைத் தூக்கினேன். சுவர்க் கடிகாரம் என்றேன். "திருப்பி மாட்டினியா, ஓடுச்சா?" "ஓடிச்சுக்கா, மணி மட்டும் அடிக்கல. எங்கம்மா அது போதும்னுட்டாங்க." அக்கா சிரித்துவிட்டு என் பெயரைத்தான் முதலில் எழுதிக்கொண்டார். அன்று வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

வீட்டில் இறங்கினேன். அப்பா ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேணாம்."

"ஏம்ப்பா?"

"ஏனா? எந்த விழாவுலயாவது கரண்ட் போச்சுன்னா, உடனே ஒரு என்ஜினியர் வந்து நிப்பான். போர்டைத் திறந்துகூடப் பாக்க மாட்டான். 'மைக்செட்டாலதான்'னு சொல்லிட்டுப் போயிருவான். ஊர்ல இருக்குறவன் சொல்றது போதாதுன்னு வீட்டுக்குள்ளயே ஒருத்தியை வளக்கணுமா?"

அம்மாவிடம் போனேன். அம்மா, "எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ என்கிட்ட கேக்கல, நான் கேட்டுக்கவும் இல்ல" என்றார். அம்மா அப்படிச் சொன்னால் போகலாம் என்று அர்த்தம், ஆனால் மாட்டினால் நான் மட்டும் மாட்ட வேண்டும் என்றும் அர்த்தம்.

ஆகவே அப்பாவிடம், சனிக்கிழமை பாட்டு வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னேன். அக்காக்களிடம், வீட்டில் பெரியவர் ஒருவர் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் அத்தை சம்மதித்துவிட்டார் என்று சொன்னேன். இரண்டு பொய்யும் ஒரே நாளில் சொன்னதால் ஒன்று போலத்தான் இருந்தது, பிறகுதான், அத்தை, இரண்டும் தனித்தனியாக வளர ஆரம்பித்தன.

பாட்டுப் பொய்யை முதலில் சொல்கிறேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "வீட்ல இவ்வளவு மைக் கெடக்கு, பாடுறதுக்குத்தான் ஆளில்லன்னு நெனச்சேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டும் சால்டரிங் செய்து விரலைச் சுட்டுக்கொண்டு வந்தபோது, "எந்தப் பாட்டுடி விரலைச் சுடுது?" என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து, "ஆர்மோனியம் சூடாகுங்க" என்றார். தலைமுடியில் பசை ஒட்டிக்கொண்டு வந்த வாரம் அம்மாவாலும் எந்த வாத்தியத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை, பேசாமல் கத்திரிக்கோலை எடுத்து வந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு செருப்புக் கடைத் திறப்பு விழாவுக்கு மைக்செட் கட்டப் போன அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய், அத்தனை பேர் முன்னால் மைக்கைக் கையில் கொடுத்து, "பாடு பாப்பா" என்றார். பாடினேன். கூட்டம் கடைக்குள் போகவில்லை, எதிர்ப் பக்கம் போயிற்று. கடைக்காரர் ஓடி வந்து, "என்னண்ணே இது?" என்றார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு, "மைக்குல கோளாறு" என்றார். அத்தை, உங்கள் தம்பி தன் மைக்செட்டைத் தானே குறை சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். அன்று எல்லா ஒயரையும் நானே சுற்றிக் கொடுத்தேன்.

இனி உங்கள் பொய். திருப்புளி அக்கா வாராவாரம், "அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஊசி போடப் பயந்த புது நர்ஸைப் பற்றி நீங்கள் ஒரு நாள் எங்கள் வீட்டில் சொன்னது நினைவிருக்கிறதா? "கை நடுங்கினா நடுங்கட்டும், கையை மட்டும் எடுக்காதே." அதைச் சால்டரிங்குக்குச் சொன்னதாக மாற்றிக்கொண்டேன். அக்கா அதைக் கரும்பலகையில் எழுதி, கீழே ‘அத்தை’ என்றும் போட்டார். அன்றிலிருந்து யாருக்காவது கை நடுங்கினால், "அத்தை சொன்னதை நெனச்சுக்கடி" என்பார்கள். மாமா சமைப்பதைப் பார்த்து நீங்கள் சொன்னவற்றைக்கூட நான் பயன்படுத்திவிட்டேன். உங்களுக்கு அங்கே நல்ல பெயர், அத்தை. நீங்கள் பார்க்காத பிள்ளைகளெல்லாம் உங்களை விசாரிக்கிறார்கள்.

அடுத்து அக்காக்கள், ஆளுக்கு ஒரு தோழியைக் கூட்டி வாருங்கள், வீட்டில் விடாவிட்டால் நீங்களே போய்ப் பேசுங்கள் என்றார்கள். என் வீட்டில் பேசத்தான் எனக்குப் பயம். அடுத்த வீட்டில் எனக்கு வாய் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. தையல்காரர் கடைக்குப் போனேன். "எம்பொண்ணு பாலம் கட்டப் போயிட்டா எனக்கு யாரும்மா பட்டன் தைப்பா?" என்றார். "பாலம் கட்டுறவங்களுக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு அங்கிள், அன்னிக்குத் தைப்பா" என்றேன். யோசித்துவிட்டு அனுப்பிவிட்டார். பேக்கரி ஆன்ட்டியிடம் போனேன். "என்ஜினியருக்குப் படிச்சா பொண்ணுக்குத் திமிர் வந்துரும்" என்றார். "திமிர்தான் ஏற்கெனவே இருக்கே ஆன்ட்டி, படிப்பாவது வரட்டுமே" என்றேன். அவர் மகள் பின்னால் நின்று என்னை முறைத்தாள், ஆனால் மறு வாரம் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்படியே போய் நூலகத்து மாடியில் நாற்காலி போதவில்லை. அக்காக்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, எனக்கும்தான், போன சனிக்கிழமை வரைக்கும்.

போன சனிக்கிழமை திருப்புளி அக்கா சொன்னார், வருகிற ஞாயிறு சமூகக் கூடத்தில் பெரிய கூட்டம், எல்லாப் பெற்றோரும் வருகிறார்கள், பெண் பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்பச் சொல்லிப் பேசப் போகிறோம், மாணவிகள் சார்பில் பேசப் போவது நான். கைதட்டினார்கள். தலைப்பு என்ன தெரியுமா அத்தை? ‘வீட்டில் சம்மதம் வாங்கியது எப்படி?’

நான் பதில் சொல்வதற்குள் அக்கா இன்னொன்றும் சொன்னார். "மைக்குக்குக் கவலையில்ல. இந்தப் பக்கத்துலயே நல்ல மைக்செட்காரர் ஒருத்தர் கெடைச்சுட்டார்." வாயில் ஒரு சின்ன ஆணியைக் கவ்விக்கொண்டிருந்தேன். அதை விழுங்காதது என் அதிர்ஷ்டம். அவர்தான் என் அப்பா என்று அக்காவுக்குத் தெரியாது. அப்பா என்ன வேலை என்று முன்பு கேட்டபோது, ஒலித் துறையில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். அக்கா ஏதோ ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டு அன்றிலிருந்து அப்பாவை ‘சார்’ என்றுதான் குறிப்பிடுகிறார்.

ஆக, ஞாயிறு மேடையில் நான் நிற்பேன். வாங்காத சம்மதத்தை வாங்கியது எப்படி என்று விளக்குவேன். அதைக் கொடுக்காத அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் குரல் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கும்படி பார்த்துக்கொள்வார். முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலியும் போடப் போகிறார்கள்.

அன்று காலையில் உங்களுக்கு வயிற்றுவலி என்று அப்பாவைக் கூப்பிடச் சொல்லலாமா என்று முதலில் யோசித்தேன். ஹெட் நர்ஸுக்கு வயிற்றுவலி வந்தால் மைக்செட்காரரை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று அம்மா கேட்பார். அப்பா கிளம்பிவிட்டால் கூட்டத்துக்கு மைக்கும் கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். ஆனால் அத்தை, நான் படுத்தால் அந்தத் தலைப்பில் பேக்கரி மகள் பேசுவாள். அவள், "அந்தப் பொண்ணு வந்து எங்கம்மாகிட்ட திமிரைப் பத்திப் பேசினா" என்றுதான் ஆரம்பிப்பாள்.

சிரிக்காதீர்கள். இனிமேல் எழுதுவது சிரிப்பதற்கு இல்லை. எங்கள் குழுவில் ஒரு சின்ன பம்ப் செய்தோம். மோட்டார், ஒரு மூடி, கொஞ்சம் குழாய், அவ்வளவுதான். முதலில் தண்ணீர் எங்கள் முகத்தில் அடித்தது, பிறகு ஒழுகியது, பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நான் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினேன். திடீரென்று குழாய்க்குள் தண்ணீர் ஏறியது. கீழே இருக்க வேண்டிய தண்ணீர், அத்தை, நான் சொன்னபடி மேலே போயிற்று. என் வாழ்க்கையில் நான் சொல்லி எதுவும் கேட்டதில்லை. பள்ளியில் அடுத்த மாதம் எந்தப் பாடப்பிரிவு என்று வீட்டில் முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கும் இயற்பியலும் எடுத்தால்தான் நான் அந்தப் பக்கம் போக முடியும். ஞாயிறு மேடையில் மாட்டிக்கொண்டால் சனிக்கிழமையும் போகும், அதுவும் போகும். எனக்கு அது வேண்டும். அப்பாவை எதிர்த்து வேண்டாம், அப்பாவோடு வேண்டும்.

அப்பா பயப்படுவது உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான். நீங்கள் சனிக்கிழமையே வந்து, "நான்தான்டா அனுப்பினேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு என்னைத் திட்டலாம், அடிக்கலாம், ஊசிகூடப் போடலாம்.

உங்கள் ஆசியையும், அது கிடைக்காவிட்டால் உங்கள் மன்னிப்பையும், அதுவும் கிடைக்காவிட்டால் அப்பாவிடம் சொல்லாத உங்கள் மௌனத்தையும் வேண்டி,

கீழ்ப்படியாத, ஆனால் மிகவும் அன்புள்ள,
உங்கள் தம்பி மகள்

பி.கு.: அத்தை, உறையில் போடுவதற்குள் அப்பா உள்ளே வந்துவிட்டார். கடிதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் எதிரில் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"பேச்சு எழுதிட்டியா?" என்றார்.

எந்தப் பேச்சு என்று கேட்டேன், அவரே சொன்னார். சாயங்காலம் தையல்காரர் ஞாயிறு நான் பேசப் போவதைச் சொல்லி, இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு வந்து சொன்னதாலதான் எம்பொண்ணை அனுப்பினேன், எவ்வளவு பெரிய மனசுண்ணே உங்களுக்கு" என்றிருக்கிறார். நாலு பேர் வேறு சுற்றி நின்றிருக்கிறார்கள். "என்ன பண்ணச் சொல்ற? ஆமா, நான்தான் சேத்துவிட்டேன்னு சொல்லிட்டேன்."

"பாட்டு வகுப்புன்னு சொன்னதுக்கு மன்னிச்சிருங்கப்பா."

"அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு நிம்மதி. கத்துக்கிட்டும் அப்படிப் பாடுறியேன்னு பயந்துபோயிருந்தேன்."

பிறகு பக்கத்தில் கிடந்த ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். "என்ஜினியர் ஆனதும், கரண்ட் போச்சுன்னா மைக்செட்டாலன்னு சொல்ல மாட்டியே?" என்றார்.

"போர்டைத் திறந்து பாத்துட்டுத்தாம்ப்பா சொல்லுவேன்."

"மைக்செட்டாலதான்னு தெரிஞ்சா?"

"சொல்லுவேம்ப்பா."

"சொல்லு. ஆனா பாத்துட்டுச் சொல்லு. இன்னிவரைக்கும் ஒருத்தனும் பாத்துட்டுச் சொன்னதில்ல." எழுந்தார். "கணக்குப் பாடமே எடுத்துக்க. மேடையில, 'எங்கப்பா கேட்ட உடனே சரின்னுட்டார்'னு சொல்லணும்."

"கேட்டப்போ வேணாம்னுதானேப்பா சொன்னீங்க?"

"அது நமக்குள்ள."

அப்போது அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான்தான் எடுத்துச் சொன்னேன்னும் சேத்துக்கடி!" இந்த வீட்டில் யாருமே தூங்கவில்லை போலிருக்கிறது.

எனவே அத்தை, மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். இத்தனை நாளாக நீங்கள் கொடுத்துவந்த சம்மதத்தைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளவும். ஆனால் ஞாயிறு கட்டாயம் வர வேண்டும். யாராவது கேட்டால், பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று நீங்கள் கடுமையாக எதிர்த்ததாகவும், அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக உங்களுக்குப் புரியவைத்ததாகவும் சொல்லிவிடுங்கள். தையல்காரரிடம் அப்பா ஏற்கெனவே அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம்.