ஈரம் பார்க்கும் வைகுண்டராஜன்

விதை வாங்குகிறவர்கள் இரண்டு வகை. வாங்கி விதைக்கிறவர் முதல் வகை. அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இரண்டாமவர் வாங்கிக் காப்பாற்றுகிறவர். அஞ்சுகிராமம் வைகுண்டராஜன் இந்த இனத்தின் திலகம்.

வடசேரிச் சந்தையில் வாங்கி வந்த வெண்டை விதை, ரோஸ் நிற மருந்துப் பூச்சோடு மிட்டாய் மாதிரி இருந்தது. விதைத்திருக்கலாம் அல்லவா? மாட்டார். வெயிலில் காய்ந்தால் பூச்சு பொரிந்துவிடும் என்று நடுவீட்டில் துணி விரித்து, விதையைப் பரப்பி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி, குடும்பத்தை வியர்க்கவிட்டு, காய்ந்ததைப் பாட்டிலில் அடைத்து, ஈரம் குடிக்க வறுத்த அரிசி முடிச்சும் போட்டு, மூடிக்கு மெழுகு பூசி, ஃப்ரிட்ஜில் வைத்தார். வாடை ஏறும் என்று சாளை மீன் வெளியேற்றப்பட்டது.

அதோடு விட்டாரா? தினமும் காலையில் பாட்டிலைத் திறந்து, உள்ளே ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். சில்லிட்ட விதைமேல் நம் ஊர்க் கடற்காற்று பட்டால் ஏறாமல் என்ன செய்யும்? “பாத்தியா, ஈரம்!” என்று பதறி, மறுபடியும் துணி, விசிறி, அரிசி, மெழுகு. பூச்சு விதையை விட்டு அவர் விரலுக்கு ஏறிவிட்டது. ரோஸ் விரல்களோடு கல்யாண வீட்டில் கும்பிட்டார்.

அவர் மனைவி பகவதி பாத்தி வெட்டி, சாணம் போட்டுக் காத்திருந்தாள். போன வருசமும் அதில் புல்தான் விளைந்தது. இந்த வருசமாவது தன் தோட்டத்து வெண்டைக்காயில் புளிக்கறி வைத்தே தீருவது என்று இருந்தாள்.

“மழ வந்தாச்சு. வெதய எப்பம் போடப் போறிய?”

“பொறு ஏட்டி. முளைப்புத் திறன் போயிரும்.”

“மண்ணுல போட்டாலா?”

அவர் கோபத்தோடு மூடிக்கு இன்னொரு சுற்று மெழுகு பூசினார்.

பொறுத்துப் பார்த்த பகவதி ஒருநாள் பாட்டிலைப் பிடுங்கிப் பாத்தியில் கொட்டினாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. அவள் அழுதே விட்டாள். ஆனால் காயவைத்த முதல் நாளே விசிறி பறக்கடிக்க, குப்பையென்று அவள் பெருக்கித் தள்ளிய விதைகள், மீன் கழுவும் கல்லோரம் செடியாகிக் கொத்துக் கொத்தாய்க் காய்த்து நின்றன. கறிக்குப் பறிக்க ஆசை ஆசையாகப் போனவள் திகைத்து நின்றாள். அத்தனை காயிலும் கயிறு கட்டியிருந்தது.

விதைக்காம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். துபாய் மச்சான் தந்த சென்ட் பாட்டில் உங்கள் பீரோவில்தானே இருக்கிறது? அவ்வப்போது எடுத்து மோந்து பார்க்கிறீர்களாமே, உறை பிரிக்காமல்?