நாலு சில்லும் சமம்

எங்கள் கரையோரக் கிராமிய இணைப்பு அலுவலகத்தில் ஒரு ஜீப் இருந்தது. முன்சக்கரம் பின்சக்கரமென்று நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற ஜீப். மாரி மழையில் சொறிக்கல்முனைப் பக்கத்து வயல் வட்டைகளில் வெள்ளம் ஏறினால் மருந்தும் சாமானும் கொண்டு போகிறது அதுதான். மற்ற நாட்களில் அது பணிப்பாளர் மசூரைக் கல்யாண வீடுகளுக்குக் கொண்டு போகும்.

நிந்தவூரில் ஒரு கல்யாண வாசலில்தான் வினை பிடித்தது. மாப்பிள்ளை வந்திறங்கிய காரின் முன்சில்லுகள் சின்னதாகவும் பின்சில்லுகள் பெரிதாகவும் பருத்தும் இருந்தன. இளந்தாரிகள் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். பக்கத்தில் நின்ற அரச ஜீப்பை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. பணிப்பாளருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை விசேட கூட்டம்.

"முன்னுக்குப் பணிவு, பின்னுக்குப் பலம்," என்று தொடங்கினார் பணிப்பாளர். "அரச வாகனமெண்டா மக்களுக்கு முன்னால பணிஞ்சி போகணும். பின்னால அரசாங்கத்துட பலம் நிக்கணும். முன்சில்லு அப்பிடியே இரிக்கட்டும். பின்சில்லு ரெண்டையும் பெருசாப் போடுவம்."

தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஸுல்பிகா எழும்பினார். "சேர், அந்த ஜீப்புக்கு நாலு சில்லும் ஒரே அளவா இரிக்கணும். ஒரே தூரத்துக்குச் சின்னச் சில்லு கூடச் சுத்தும், பெரிய சில்லு குறையச் சுத்தும். நடுவில உள்ள கியர்பெட்டி ரெண்டு பக்கத்தையும் ஒண்டாக் கட்டி வெச்சிரிக்கி. இழுபறிப்பட்டுச் சூடாகி உடஞ்சிரும்."

"யாரு யாரோட இழுபறிப்படுற?"

"முன்சில்லும் பின்சில்லும், சேர்."

"அப்ப அது ஒழுக்காற்றுப் பிரச்சின, மிஸ். உங்கட பிரிவுக்குள்ள வராது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஸுல்பிகாவின் மனம் அந்த ஏகத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

பின்சில்லுகள் மாறின. ஜீப் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த கணக்குப் பிரிவுக்கு ஒரு யோசனை வந்தது. வாகனம் இப்போது எந்நேரமும் இறக்கத்தில் நிற்பதால், இறக்கத்தில் ஓடுகிற வாகனத்துக்கான டீசலே போதுமானது எனக் கருதப்பட்டு ஒதுக்கீடு பாதியாக்கப்பட்டது.

சாரதி நிரோசன் திருக்கோவில்காரன். இரண்டாம் வாரமே பணிப்பாளரின் கதவைத் தட்டினான்.

"சேர், முந்தியவிடக் கூட டீசல் குடிக்குது."

"இறக்கத்தில போற வாகனத்துக்கு ஏன் தம்பி மிதிக்கிறீங்க?"

"ரோட்டு மட்டமாத்தானே சேர் கிடக்கு. அதோட வளைவுகளில மடமடெண்டு சத்தம். உள்ளுக்குக் கருகல் மணமும் வருது."

பணிப்பாளர் ஆழ்ந்து யோசித்தார். "ஊது வைங்க."

அன்று முதல் ஜீப் சாம்பிராணி ஊதுப் புகையோடு திரிந்தது. யாரோ பெரிய ஆலிம் போகிறார் என்று சாய்ந்தமருதுச் சனம் எழும்பி நின்று சலாம் சொன்னது. சில்லு மாற்றியதிலிருந்து மக்கள் தன்னை எப்படி மதிக்கிறார்கள் என்று பணிப்பாளர் மேலிடத்துக்கு அறிவித்தார்.

மாரி வந்தது. வட்டைகளெல்லாம் கடலாகின. சொறிக்கல்முனைக்கு அப்பால் தீவாகிப்போன ஒரு குடியிருப்பில் சபியா உம்மா இருந்தார். கடும் சீனி வருத்தக்காரி. இன்சுலின் ஊசி மருந்து முடிந்து அவர் தலை சுற்றிக் கிடப்பதாகச் செய்தி வந்ததும், மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஜீப் புறப்பட்டது. படம் பிடிக்க ஆள் வரும் என்பதால் பணிப்பாளரும் ஏறினார்.

பாதி வழியில், வெள்ளத்தின் நடுவில், வயிற்றுக்குள் 'டமார்' என்றது ஜீப். பிறகு அசையவில்லை. தண்ணீர் இருக்கைக்கு வந்தது. பணிப்பாளர் கூரைக்குப் போனார். நிரோசன் மருந்துப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று கூப்பாடு போட்டான்.

சத்தம் கேட்டு மிஹ்லார் தன் டிராக்டர் மெசினோடு வந்தார். வெள்ளாமைக்காரர். வந்ததும் பெட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெசினைத் திருப்பினார்.

"நான் இஞ்ச இரிக்கன்!" என்று கூரையிலிருந்து கத்தினார் பணிப்பாளர்.

"மருந்து முதல், சேர். நீங்க கெட்டுப்போக மாட்டீங்க."

மருந்து போய்ச் சேர்ந்தது. சபியா உம்மா தப்பினார். மிஹ்லார் திரும்பி வந்து பணிப்பாளரையும் ஜீப்பையும் கயிறு போட்டு இழுத்தெடுத்தார்.

ஊர் கொதித்தது. சில்லு மாற்றிய ஆளைத் தண்டிக்க வேண்டுமென்று மனு எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தோம். கொழும்பிலிருந்து விசாரணைக் குழு வந்து, குற்றவாளியைக் கண்டுபிடித்தது. குற்றவாளி, சில்லுகளுக்கிடையிலான அளவு வித்தியாசம். ஆகவே இந்தப் பிரதேசத்தில் ஓடும் எந்த வாகனத்திலும் நாலு சில்லும் சம அளவில் இருத்தல் வேண்டும் என்று கட்டளை வந்தது. விடயத்தில் அனுபவமுள்ளவர் என்பதால் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு பணிப்பாளர் மசூருக்கே போனது.

முதலில் மறிக்கப்பட்டது மிஹ்லாரின் உழவு மெசின்.

"பின்சில்லு பெருசாக் கிடக்கு," என்றார் பணிப்பாளர்.

"மெசினுக்கு அப்பிடித்தானே சேர்! அந்தச் சில்லாலதானே உங்கள இழுத்தெடுத்த."

"நன்றி வேற. சட்டம் வேற."

ஸுல்பிகா ஓடி வந்தார். "சேர், அதுட கியரையே அந்த வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரித்தான் செஞ்சிரிக்கி."

"நாலு சில்லும் ஒரே அளவா இரிக்கணுமெண்டு முதல்ல சொன்ன ஆரு, மிஸ்?"

அந்த அலுவலகத்தில் ஸுல்பிகாவின் சொல் முழுமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது அதுவே முதல் தடவை.

வெள்ளம் வடிந்து மறுஉழவு தொடங்கியது. சின்னச் சில்லுப் பூட்டிய மெசின்கள் வட்டைக்குள் இறங்கி, வயிறு வரைக்கும் சேற்றில் புதைந்தன. விதைநெல் மூட்டைக்குள்ளேயே முளைத்தது. பொறுக்க முடியாமல் வெள்ளாமைக்காரர் எல்லோரும் பள்ளிவாசல் முன்னால் கூடினார்கள். இன்றைக்குக் கட்டளையைக் கிழிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தோம்.

மிஹ்லார் எழும்பினார். கண் சிவந்திருந்தது.

"எங்களுக்கு நாலு சில்லும் சமமெண்டு சட்டம். நல்லம். அப்ப ஓட்டோக்காரனுக்கு மட்டும் என்னத்துக்கு மூணு சில்லு?"

கூட்டம் ஒரே குரலில், "ஓம்கா! அதானே!" என்றது.

ஓட்டோவுக்கும் நாலு சில்லு வேண்டுமென்று அந்த இடத்திலேயே மனு தயாரானது. ஓட்டோக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். வாசித்துப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளையும் சேர்த்தால் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வைத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பேனையைக் கையில் வாங்கியபடியே, மதிலில் சாத்தியிருந்த ஒரு சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சைக்கிள் என்னுடையது. நான் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்திருந்தேன்.