வடகிழக்காக நகர்ந்த நிச்சயதார்த்தம்

தனக்கே புரியாத ஒன்றைப் பிறருக்கு விளக்குவதற்கு இந்த நாட்டில் இரண்டு பேருக்குத்தான் காசு கிடைக்கும். ஒருவர் ஜோசியர். இன்னொருவன் நான். (ஜோசியருக்கு ஓய்வூதியம் கிடையாது.)

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிவத்தை எத்தனை நகல் எடுக்க வேண்டும், எந்த மூலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பூமிக்குள் வெப்பம் எப்படிப் போய்வருகிறது என்று விழித்திருக்கும்போது கேட்டாலும் தெரியாது. இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்தினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் ஒருநாள் எங்கள் கடற்கரைப் பக்கம் அலமாரிப் பாத்திரங்கள் லேசாக ஆடின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வதந்தி ஆடியது பாத்திரத்தைவிட அதிகம். மாமல்லபுரத்துக்கு அடியில் நெருப்பு கொதிக்கிறது என்றார்கள். உடனே மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பொருள்: ‘பூமியின் உட்பகுதியில் நிகழும் வெப்பப் பரிமாற்றம் குறித்துப் பொதுமக்களுக்கு விளக்கி அச்சம் போக்குதல்.’ கடலோரத்தில் கூட்டம் நடத்தி, குறைந்தது ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும். கீழே பதினோரு வரியில் ஒரே வாக்கியம். அதற்குள் வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு மூன்றும் இருந்தன. முற்றுப்புள்ளியை அடையும்போது எனக்கே காய்ச்சல் அடிப்பது போலிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கைப்பையில் சுற்றறிக்கை, கையெழுத்துப் பதிவேடு, ரப்பர் ஸ்டாம்பு சகிதம் மாமல்லபுரத்தை ஒட்டிய ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தில் போய் இறங்கினேன். அங்கே வாழைமரம் கட்டியிருந்தது. சிற்பப் பட்டறைகளுக்குக் கல் ஏற்றும் லாரி வைத்திருந்த செல்வராஜ் என்பவர், தன் மகள் சுமதிக்கு நிச்சயதார்த்தம் நடத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கருங்குழியிலிருந்து இரண்டு வேனில் வந்து இறங்கியிருந்தார்கள்.

மனிதனாக இருந்தால் திரும்பிப் போயிருப்பான். நான் கண்காணிப்பாளர். கூட்டம் நடத்தக் கூட்டம் வேண்டும். அங்கே கூட்டம் இருந்தது. மேலும் அப்போது ராகு காலம். பன்னிரண்டு மணிக்கு அது முடிந்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். அதுவரை எல்லோரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். (ராகு காலத்தில் அரசுப் பணி தொடங்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.)

“ஒரு கால் மணி நேரம் போதும்” என்றேன் செல்வராஜிடம்.

“தாராளமா பேசு சார். சனங்களும் பேஜாராத்தான் குந்திகினு கீது” என்று மைக்கைக் கொடுத்தார். பாவம், நல்ல மனிதர்.

முதலில் கையெழுத்துகளை வாங்கினேன். விளக்கிய பிறகு ஆள் இருக்காது என்பது அனுபவம். அறுபத்து மூன்று விழுந்தன. பிறகு அந்தப் பதினோரு வரியைப் படித்தேன்.  ஒரு குழந்தை கொட்டாவி விட்டது.

முன் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். கருங்குழியில் அவர் சொல்லாமல் அந்தக் குடும்பத்தில் யாரும் செருப்புக்கூட வாங்க மாட்டார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

“சார், ஒரு எழவும் புரியல. சலனம்னா இன்னா?” என்றார்.

எனக்கும் அதே சந்தேகம் இருந்ததால் சற்றுத் தடுமாறினேன். அப்போது கூடத்தின் பக்கவாட்டில் சமையல் மாஸ்டர், விறகடுப்பில் ஓர் அண்டா சாம்பாரைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. என் வாழ்நாளில் எனக்குத் தோன்றிய ஒரே சொந்த யோசனை அது. அதற்குப் பிறகு நான் யோசனை செய்வதில்லை.

மொத்தக் கூட்டத்தையும் அண்டாவைச் சுற்றி நிறுத்தினேன்.

“இதோ பாருங்க. அடியில சூடு. சூடான குழம்பு லேசாகி நடுவுல மேல வருது. மேல வந்து ஆறுது. ஆறினா கனம். ஓரமா போய் மறுபடி கீழ இறங்குது. அந்த முருங்கைக்காயைப் பாருங்க, நடுவுல ஏறி, ஓரத்துல முங்குது. இதான் சலனம். பூமிக்குள்ளயும் இப்படித்தான்.”

எல்லோரும் முருங்கைக்காயைப் பார்த்தார்கள். அதுவும் ஒழுங்காக ஏறி இறங்கியது. நிச்சயதார்த்தத்துக்கு வந்த புகைப்படக்காரர், கேட்காமலேயே ஒரு படம் எடுத்தார். வெற்றி தலைக்கேறியது.

“மேல ஓரத்துல நுரை ஒதுங்கி நிக்குது பாருங்க. அந்த நுரைதான் நாம நிக்கிற நிலம்!”

சொல்லி வாய் மூடவில்லை. மாஸ்டர் கரண்டியால் அந்த நுரையை ஒரே வீச்சில் வழித்துத் தென்னை மரத்தடியில் கொட்டினார்.

கூட்டம் தென்னை மரத்தடியைப் பார்த்தது.

“அப்போ இந்த ஊரு நகந்துகினு கீதா?” என்றார் ஏகாம்பரம், மெதுவாக.

“நகருது. ஆனா வருஷத்துக்கு ஒரு சுண்டு விரல் அளவுதான்.”

“எந்தப் பக்கம்?”

சுற்றறிக்கையைப் பார்த்தேன். “வடகிழக்கு.”

மனையடி சாஸ்திரம் தெரிந்த ஊர். அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் வடகிழக்குப் பக்கம் திரும்பின. அங்கே கடல் இருந்தது.

“யோவ் செல்வராஜு!” என்று ஏகாம்பரம் அலறினார். “ஊரே கடலுக்குள்ள போய்கினு கீது, ஒரு வார்த்த சொன்னியா நீ? எட்றா தட்ட! எல்லாம் வேன்ல ஏறு!”

“சம்பந்தி, சம்பந்தி, சார் சும்மா வெளையாட்டுக்கு...” என்று பின்னாலேயே ஓடினார் செல்வராஜ்.

“இன்னாய்யா வெளையாட்டு? சர்க்காரு ஆளு. எங்களாண்ட கையெழுத்து வேற வாங்கிகினாரு!”

பழத்தட்டு, பூத்தட்டு, புடவைத்தட்டு எல்லாம் வேனை நோக்கிக் கிளம்பின. நான் குறுக்கே ஓடினேன். “ஐயா, பயப்படாதீங்க. அது குழம்பு மாதிரி தண்ணியா இருக்காது. உள்ள இருக்கிறது கெட்டிப் பாறை.”

“பாறையா?”

“ஆமா, பாறைதான். ஆனா ஓடும்.”

“பாறை எப்டிய்யா ஓடும்? தண்ணியா, கல்லா, ஒண்ணு சொல்லு!”

உண்மையைச் சொல்கிறேன்: அந்த இடத்தில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆனாலும் விடவில்லை. “எங்க ஆபீஸ் ஃபைல் மாதிரிங்க. பார்த்தா அசையாது. ஆனா நகரும். கீழேருந்து சூடா மேல போகும், அங்க ஆறிப்போய் மறுபடி கீழேயே வந்துடும்.”

“பட்டா மாத்தச் சொல்லி மூணு வருசமா அலைறேன். எங்க நகந்துது?” என்றார் அவர். வேன் புறப்படத் தயாராகி உறுமியது. மாப்பிள்ளை ஜன்னலோரமாக உட்கார்ந்து, தேர்வில் தோற்றவன் போலக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வராஜ் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தபோதுதான், நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. 

அப்போது பட்டுப் புடவையும் பாதி பின்னிய ஜடையுமாக சுமதி வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“சார், கருங்குழி நகருதா, நகரலியா?”

“அதுவும் நகருதும்மா. எல்லாம் ஒரே நிலப்பாளம், ஒரே பெரிய கல்லு மேலதான் நிக்குது.”

“எந்தப் பக்கம்?”

“வடகிழக்குதான்.”

“வேகம்?”

“அதே வேகம்.”

“அப்போ ரெண்டு ஊருக்கும் நடுவுல தூரம்?”

“மாறாது.”

“கேட்டுக்கினீங்களா பெரிய மாமா?” என்றாள் வேனைப் பார்த்து. “நாங்க போனா நீங்களும்தான் வரீங்க. முன்ன பின்ன, அவ்ளோதான்.”

வேனின் உறுமல் நின்றது. ஏகாம்பரம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். கருங்குழி நகர்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது போலத் தெரிந்தது. பிறகு இறங்கி வந்து கையை நீட்டினார். “வாயால சொன்னா செல்லாது. எழுதிக் குடு. சீல் வெச்சுக் குடு.”

சான்றிதழ் தர எனக்கு அதிகாரம் கிடையாது. அதற்கு விண்ணப்பம் வேண்டும், விசாரணை வேண்டும், எனக்கு மேலே மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மணி பதினொன்று ஐம்பது. வாழ்க்கையில் முதல் தடவையாக விதியை மீறினேன். (முழுக்க மீறவில்லை. செல்வராஜிடம் ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டேன்.) கார்பன் வைத்து எழுதினேன்:

‘விண்ணப்பதாரர் கேட்டுக்கொண்டதன் பேரில் சான்றளிக்கப்படுவது யாதெனில், மாமல்லபுரமும் கருங்குழியும் ஒரே நிலப்பாளத்தின் மேல் அமைந்துள்ளன. இரண்டும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கின்றன. ஒன்றைவிட்டு ஒன்று பிரிய வாய்ப்பில்லை. இச்சான்று நிச்சயதார்த்தத்துக்காக மட்டும் வழங்கப்படுகிறது.’

ஸ்டாம்பு குத்தினேன். ஏகாம்பரம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பன்னிரண்டு ஐந்துக்குத் தட்டு மாற்றினார்கள். சாம்பார் பிரமாதம்; எனக்குத்தான் இறங்கவில்லை.

எல்லா ஆவணங்களையும் அறிக்கையுடன் இணைக்க வேண்டும் என்பது விதி. கார்பன் நகலையும் இணைத்து அனுப்பினேன். பதிலுக்குக் குறிப்பாணை வந்தது. பூமி நகர்வதாகச் சான்றளிக்க எந்த விதியின் கீழ் அதிகாரம் பெற்றீர்? சான்றின் செல்லுபடியாகும் காலம் ஏன் குறிப்பிடப்படவில்லை? முதல் கேள்விக்கு மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது கேள்வி நியாயமானது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

சுமதி தம்பதி அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கருங்குழி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். சண்டை வந்து அவள் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினால், அவள் புருஷன் எனக்குப் போன் போடுவான். “சார், அது இன்னும் செல்லும்தான?” செல்லும் என்பேன். அடுத்த பஸ்ஸில் போய் அழைத்து வந்துவிடுவான்.

என் வீட்டில்தான் அது செல்லவில்லை. போன வருடம் என் மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் மரியாதைக்கு, “சம்பந்தி ரெண்டு வார்த்தை பேசட்டும்” என்று மைக்கை நீட்டினார்கள். நான் எழுந்து தொண்டையைக் கனைத்தேன். என் மனைவி பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“முதல்ல தட்டை மாத்திடுங்க” என்றாள். “அப்புறம் இவர் பேசட்டும்.”