கேட்டில் ஒருவன், கேமராவில் ஒருவன்

பெண் வீட்டார் நம் கம்பெனிக்கு போன் போட்டு நம்மைப் பற்றி விசாரிக்கப் போகிற நாட்களில், வேலையில் புதிதாக எதையும் செய்து பார்க்கக் கூடாது. நான் செய்து பார்த்தேன்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பித் தொழிற்சாலையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. போன்களும் கண்காணிப்பு கேமராக்களும் ஒரே இணைப்பில் ஓடின. கேமராக்கள் அதிகம் இழுத்துக்கொண்டால் போனில் குரல் உடையும். அதற்காக ஒரு புரோகிராம் எழுதினேன். குரல் தாமதமாகிறதா என்று அதுவே அளக்கும். தாமதமானால் கேமராக்களின் பங்கைக் குறைக்கும். சரியானதும் திருப்பிக் கொடுக்கும். மனிதக் கை படாமல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் நெட்வொர்க்! (கம்பெனியே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும் என்று நினைத்தேன். சின்ன வயசு, மன்னித்துவிடுங்கள்.)

கோளாறு ஒன்றுதான். அளந்த விவரம் ஒரு நிமிஷம் பிந்தி வந்தது. குழம்பில் போட்ட உப்பு கரையும் முன்பே ருசி பார்த்து, போதவில்லை என்று மேலும் ஒரு கை அள்ளிப் போடுகிறவன் மாதிரி, என் புரோகிராம் வெட்டியதையே மறுபடி மறுபடி வெட்டியது. பிறகு பயந்துபோய் மொத்தத்தையும் திருப்பிக் கொட்டியது.

அதை ஓடவிட்ட அன்று மதியம் தொழிற்சாலை மூச்சு விடத் தொடங்கியது. சில நிமிஷம் எல்லா போனும் ஊமை. பிறகு போன்கள் பேசும், கேமராத் திரைகள் அத்தனையும் அப்படியே உறைந்துவிடும். மறுபடி போன்கள் ஊமை. சாப்பாட்டு நேரம் என்பதால் இயந்திரங்களும் நின்றிருந்தன.

மூடிக் கிடந்த பழைய உலைக் கூடத்தில் ஒரு நெட்வொர்க் பெட்டி உண்டு. பேய் பயத்தில் அங்கே யாரும் தனியாகப் போகமாட்டார்கள். நான் போனேன். கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. யாரோ பின்னால் நிற்பது போலிருந்தது. திரும்பாமலே பின்வாசல் வழியாக வெளியேறி கேட்டுக்கு ஓடினேன்.

அங்கே செக்யூரிட்டி ஏழுமலை அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருந்தார். மேசையில் போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது. (சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி போன் கேட்டுக்குத்தான் வரும்.)

"வேப்பம்பட்டுலேர்ந்து பேசறோம், பொண்ணு ஊடு. உங்க நெட்வொர்க் பையன் எப்படிங்க?"

அந்தப் பெண்ணை ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தேன். அதன் பிறகு வேறு யாரையும் கட்டிக்கொள்ளும் எண்ணமே எனக்கு இல்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "சார், பையன் இங்க நின்னுகினு இருக்கான். அங்க உலைக் கூடத்துலயும் நின்னுகினு இருக்கான்."

"இன்னாங்க சொல்றீங்க?"

"ரெண்டு பேரா இருக்கான் சார். அங்க நிக்கிறவன் இப்பத்தான் திரும்பிப் பாத்தான்."

ஒரு சொல்லும் உடையவில்லை. என் புரோகிராம் சரியாக அந்த நேரத்தில் கேமராக்களின் கழுத்தை நெரித்துவிட்டு, குரலுக்குப் பாதையை அகலமாகத் திறந்து வைத்திருந்தது. என் வாழ்நாளில் நான் சாதித்த உச்சபட்ச சேவைத் தரம் அதுதான்.

போனை என் பக்கம் இழுத்தேன். "சார், நான்தான் பேசறேன்!"

அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா மெதுவாக, "எந்த நீங்க, தம்பி?" என்று கேட்டார்.

"ஒருத்தன்தான் சார்! படம் உறைஞ்சு போச்சு, அது வந்து..."

அதோடு போன் செத்தது. புரோகிராமுக்கு இப்போது கேமராக்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது. திரையில் உலைக் கூடம் காலியாகத் தெரிந்தது.

புரோகிராமை நிறுத்திவிட்டு, மறுநாள் வேப்பம்பட்டுக்கு நேரிலேயே போய் நின்றேன். கதவைத் திறந்த அவள் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தார். உள்ளேயிருந்து அவள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது.

இப்போதும் வீட்டில் விருந்தென்றால் மாமனார், "மாப்பிள்ளைக்கு ரெண்டு இலை போடும்மா" என்பார். வீடே சிரிக்கும். போன பொங்கலுக்கு ஏழுமலை அண்ணனையும் அழைத்திருந்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "உறைஞ்ச படம் எப்டி தம்பி திரும்பிப் பாக்கும்?" என்று கேட்டார். அன்றும் என் பக்கத்தில் இரண்டாவது இலை விரித்திருந்தது. அதற்கு அடுத்த இடம் காலியாகத்தான் இருந்தது. அண்ணன் அங்கே உட்காராமல், எதிர் வரிசைக்குப் போய்விட்டார்.