யோகா டீச்சர் வீட்டு பிரிட்ஜ்

பிரிட்ஜ், பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளின் நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"மெதுவாம்மா, கதவு பேந்துக்கினு வந்துடப் போவுது," என்றாள் தில்லையம்மாள். "வீட்ட காலி பண்றியா? புருஷன் சம்பந்தத்தோட சண்டையா?"

"அதெல்லாம் இல்லக்கா. சாயங்காலம் திரும்ப எடுத்துக்குறேன்," என்றாள் இளவரசி, மூச்சிரைக்க.

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் வருடக்கணக்காகப் புடவை விரித்துக் காட்டியே இடுப்பு ஒடிந்தவள் அவள். யோகா வகுப்பில் சேர்ந்தாள். வலி போய், தானும் டீச்சர் ஆகவேண்டும் என்ற ஆசை வந்தது. பயிற்சிக் கட்டணத்தைக் கேட்டதும் போன வலி திரும்பி வந்தது. சென்னை அறக்கட்டளை ஒன்று பெண்களுக்கு இதற்கு உதவித்தொகை தருவதாகக் கேள்விப்பட்டு, கணவனிடம்கூடச் சொல்லாமல் விண்ணப்பித்தாள். இன்று வீட்டைப் பார்க்க வருகிறார்களாம்.

"வீட்ட எதுக்குப் பாக்குறாங்க? ஏழையான்னு பாக்கத்தான்," என்று அடித்துச் சொன்னாள், பிரிட்ஜின் மறுமுனையைப் பிடித்திருந்த கடைத் தோழி அபிநயா. "டிவி, பிரிட்ஜ் இருந்துச்சுன்னா ஒண்ணும் கெடைக்காது."

ஒருவழியாக பிரிட்ஜ் உள்ளே போனது. பின்னாலேயே டிவி, சோபா, கட்டில் எல்லாம் போயின. தன் வீட்டில் நிற்க இடமில்லாமல் தில்லையம்மாள் தெருவுக்கு வந்துவிட்டாள்.

அறக்கட்டளை மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஹாலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இளவரசிக்குச் சந்தேகம் வந்தது. ஏழை வீட்டைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? ஏழ்மை போதவில்லை போலிருக்கிறது.

"வீட்டுல எத்தனை பேர்?"

"ஆறு பேரு மேடம்." அவளும் கணவனும் மகளும் ஒரே நொடியில் இரட்டிப்பானார்கள்.

"இடம் போதுமா?"

"எங்க மேடம்! கால் நீட்ட எடமில்ல. ஒருத்தர் பொரண்டா எல்லாரும் பொரளணும்."

மேடத்தின் முகம் வாடியது. மனசு இளகிவிட்டது என்று இளவரசி உள்ளுக்குள் குதித்தாள்.

அந்த நேரம் பார்த்து, ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து நின்றான் அவள் கணவன் சம்பந்தம். ஹாலைப் பார்த்தான். டிபன் பாக்ஸ் கையிலிருந்து நழுவியது.

"அய்யோ, திருடன்! எல்லாத்தையும் வாரிக்கினு பூட்டான்!"

தெருவே கூடிவிட்டது. யாரோ போலீசுக்குப் போன் போடப் போனார்கள்.

"போலீஸ் வேணாம்பா!" இளவரசியின் குரல் உடைந்தது. "எல்லாம் அக்கா வீட்டுலதான் இருக்குது. ஏழைன்னு காட்டினாத்தான் குடுப்பாங்கன்னு நெனச்சு பொய் சொல்லிட்டேன். நாங்க மூணே பேருதான் மேடம். எனக்கு இந்தப் படிப்பு அவ்ளோ வேணும்."

"மூணே பேரா?" என்று கேட்ட மேடம், பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்துக்கொண்டு ஆட்டோ பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

எல்லாம் போச்சு. இளவரசி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றான் சம்பந்தம்.

"சொன்னா நீங்க ஓவர்டைம் பாக்கக் கெளம்பிடுவீங்க. இப்பவே ஒழுங்கா தூங்குறதில்ல."

 அவன் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். "போனா போவுது. வேற வழி பாக்கலாம். வா, சாமானை உள்ள வைப்போம்."

தெருவே கை கொடுத்தது. சோபா வந்தது, கட்டில் வந்தது. தில்லையம்மாள், போகட்டும் பாவம் என்று தன் பழைய பீரோவையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். நாலு பேர் 'பிடி, பிடி' என்று கத்த, பிரிட்ஜ் ஹால் நடுவில் வந்து நின்றது.

மேடத்தை அழைத்து வந்த ஆட்டோ டிரைவர் அப்போதுதான் தண்ணீர் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அய்யய்யோ, இன்னாம்மா பண்றீங்க? தெரு பொம்பளைங்களுக்கு யோகா சொல்லித்தர எடம் இருக்குற வீட்டுக்குத்தான் உதவி. 'காலியா ஒரு ஹால் கெடச்சிடுச்சு'ன்னு மேடம் இப்பத்தான் சென்னைக்குப் போன்ல சொல்லிக்கினு இருக்காங்க!"