எம்.பி. ஐயா இனிமேல் கேள்வி கேட்க வேண்டாம்

அன்புள்ள சீனு சித்தப்பாவுக்கு,

அல்சூரிலிருந்து நிருபமாவின் வணக்கம். வீட்டில் எல்லோரும் சுகம். டெல்லி வெயிலில் நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். போன் செய்தால் எப்போதும் மீட்டிங் என்கிறீர்கள், அதனால் கடிதம். பள்ளிக்கூடம் மட்டும் சுகமில்லை. காரணம், நீங்கள் வேலை பார்க்கும் எம்.பி. ஐயா.

ஒரே ஆசிரியரை வைத்து ஓடும் அரசுப் பள்ளிகள் எத்தனை, அங்கே பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகிறது என்று மக்களவையில் கேட்டாராமே. நல்ல கேள்விதான், நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி டெல்லியிலிருந்து பெங்களூருக்கு இறங்கி, ஆபீஸ் ஆபீஸாக உருண்டு, கடைசியில் எங்கள் தமிழ்ப் பள்ளியில் என் தலைமேல் விழுந்தது. அங்கே ஒரே ஆசிரியர் நான்தான், அதுவும் தற்காலிகம். கல்வி அலுவலக கிளார்க் கோதண்டராமன் தினமும் போன் செய்து, "பேக, சீக்கிரம் வாங்க மேடம், பார்லிமெண்ட் கேள்வி, அர்ஜெண்ட்" என்கிறார். ஓடிப் போனால் கம்ப்யூட்டர் வேலை செய்யாது. அது வேலை செய்தால் ஆபீசர் இருக்கமாட்டார். "சார், நான் இங்க நின்னா கிளாஸ்ல யாரு?" என்றேன். "அதைத்தானே மேடம் டெல்லில கேக்குறாங்க? எழுதிக் குடுங்க" என்கிறார்.

நான் இப்படி அலையும் நாளெல்லாம், மதியச் சோறு சமைக்கும் சொர்ணம்மாதான் சாம்பாரைக் கொதிக்க விட்டுவிட்டு, கரண்டியால் போர்டைத் தட்டி வாய்ப்பாடு சொல்ல வைக்கிறார். "ஏழு வரைக்கும் தள்ளிட்டேன் டீச்சர், அதுக்கு மேல எனக்கே வராது. நாளைக்கும் ஓடிட்டீங்கன்னா பாட்டுதான்." போன வாரம் பள்ளி விவரம் சரிபார்க்க வந்த அதிகாரி வாசலில் நின்று பார்த்து, வகுப்பு நன்றாக நடக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனாராம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கிற பார்கவியின் அம்மா காந்தா நேற்று கேட்டிலேயே பிடித்துக்கொண்டார்: "டீச்சரே இல்லாத ஸ்கூலுக்கு எதுக்கு அனுப்பணும்? வீட்ல இருந்தா தம்பியையாவது பாத்துக்குவா. திங்கக்கிழமை அனுப்புறேன். அன்னைக்கும் நீ இல்லைன்னா அவ்வளவுதான்."

அதனால் சித்தப்பா, ஐயாவிடம் சொல்லுங்கள். பிள்ளைகள்மேல் உண்மையாகவே அக்கறை இருந்தால் கொஞ்ச நாள் சும்மா உட்காரட்டும். நான் பாடம் நடத்திக்கொள்கிறேன்.

சித்திக்கு என் வணக்கம், குட்டி வைஷ்ணவிக்கு முத்தம்.

உங்கள் மகள்,
நிருபமா

பி.கு.: உறையை ஒட்டும்போது கோதண்டராமன் போன். விவரம் டெல்லிக்குப் போய்விட்டதாம். அதில் எங்கள் பள்ளிக்கு ஆசிரியர் இரண்டு பேர். அந்த அதிகாரி சொர்ணம்மாவையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். இருக்கிற கொஞ்சப் பிள்ளைகளுக்கு இரண்டு பேர் அதிகமாம். தற்காலிக ஆள் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாமாம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள் சித்தப்பா. ஐயாவை உடனே எழுந்து கேட்கச் சொல்லுங்கள்: திங்கட்கிழமை பார்கவி வந்து உட்கார்ந்தால், சொர்ணம்மா பாடம் நடத்துவாரா, சோறு ஆக்குவாரா?